கன்றுக்கு மட்டும் காசு கேட்காதீர்கள்: சூழல் அமைப்புகள் நிதி திரட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொடங்கப்பட்ட ஒரு சுற்றுச்சூழல் அமைப்பின் இளைஞர்கள் தங்கள் முதல் நிதி வேண்டுகோளை அண்மையில் என்னிடம் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். "நீங்கள் தரும் தொகை முழுவதும் மரக்கன்றுகளுக்கே, நிர்வாகத்துக்கென ஒரு காசும் எடுக்க மாட்டோம்" என்று அதன் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய இதே சொற்களில் நானும் எழுதியிருக்கிறேன். ரசீது கொடுப்பது, கணக்கு எழுதுவது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள். நல்லெண்ணத்தோடு செய்வதாலேயே தவறென்று தோன்றாமல் போகிறவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முழுத் தொகையும் கன்றுக்கே என்று வாக்களிப்பது

எங்கள் அமைப்பின் முதல் திட்டம் ஓர் ஓடைக்கரையில் 400 கன்றுகள் நடுவது. ஒரு கன்றுக்கு ஒரு நன்கொடையாளர். அவர் பெயர் பொறித்த சிறு தகடு அந்தக் கன்றிலேயே தொங்கும். எதிர்பார்த்ததை விட விரைவாகப் பணம் சேர்ந்தது, தேவைக்கு மேலும் வந்தது. நடும் நாளன்று கூட்டமும் நிழற்படங்களும் குறைவில்லாமல் இருந்தன. கோடை தொடங்கியபோது வாரம் இருமுறை லாரியில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. வங்கியில் பணம் இருந்தும் அதைத் தொட முடியவில்லை. அது கன்று வாங்குவதற்கென்று வாக்குக் கொடுத்துப் பெற்ற பணம். வாக்கை மீறக்கூடாது என்று நாங்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த நாட்களில் கன்றுகள் காய்ந்துகொண்டிருந்தன.

அந்தக் கோடையின் முடிவில், நன்கொடை தந்த ஒரு முதியவர் தம் கன்றைப் பார்க்க வந்தார். மண் படிந்திருந்த தகட்டைத் துடைத்துத் தம் பெயரைப் படித்தார், அது கட்டியிருந்த தண்டை விரலால் மெல்ல வளைத்தார். அது சட்டென ஒடிந்தது. அவர் எங்களை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதன் பிறகு நாங்கள் அனுப்பிய எந்த வேண்டுகோளுக்கும் அவரிடமிருந்து பதிலும் வரவில்லை.

கன்றின் விலை மொத்தச் செலவில் மிகச் சிறிய பகுதி. நடுவது ஒரு நாள் வேலை; நீர் ஊற்றுதல், களையெடுத்தல், ஆடுமாடு கடிக்காமல் கூண்டு அமைத்தல், பட்டுப்போன இடத்தில் மறுநடவு செய்தல் ஆகியவை குறைந்தது 2, 3 ஆண்டுகளுக்கு நீளும் வேலை. துருக்கியில் 2019 நவம்பர் 11 அன்று ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் கன்றுகள் நடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சில மாதங்களில், தாங்கள் பார்வையிட்ட இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுப்போய்விட்டதாக அந்நாட்டு வேளாண், வனத்துறைப் பணியாளர் சங்கம் ஒன்று கூறியது. அரசு அதை மறுத்தது. யார் சொல்வது சரியாக இருந்தாலும், மக்கள் இறுதியில் கேட்பது நட்ட கணக்கை அல்ல, பிழைத்த கணக்கையே என்பதற்கு அது போதிய சான்று.

நிர்வாகச் செலவைச் சொல்லக் கூசுவதும் இதே தவறின் மறுபக்கம்தான். கணக்கு எழுதுபவருக்கும் களப்பணியாளரின் பயணத்துக்கும் பணம் வேண்டும். நிர்வாகச் செலவின் விகிதத்தை மட்டும் வைத்து ஓர் அமைப்பை எடைபோடாதீர்கள் என்று அமெரிக்காவில் தொண்டு அமைப்புகளைப் பற்றி நன்கொடையாளர்களுக்குத் தகவல் தரும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்றுமே 2013-இல் நன்கொடையாளர்களுக்குக் கூட்டாகத் திறந்த மடல் எழுதின. ஆகவே "ஒரு கன்றை நட்டு, மூன்று ஆண்டுகள் காப்பதற்கான செலவு" என்று கேளுங்கள். அதில் நீருக்கு எவ்வளவு, ஆட்களுக்கு எவ்வளவு, அலுவலகத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். தேவைக்கு மேல் சேரும் தொகை அமைப்பின் பிற பணிகளுக்குப் பயன்படும் என்ற வரியை வேண்டுகோளிலேயே சேர்த்துவிடுங்கள். பணம் வந்த பிறகு அதைச் சேர்க்க முடியாது. கேட்கும் தொகை கூடுவதால் கன்றுகளின் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். எங்களுடையது 400-இலிருந்து 90 ஆனது. இதை இன்றும் பலர் தோல்வியாகப் பார்ப்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

யார் பணம் என்று பாராமல் வாங்குவது

ஓடையில் கழிவைக் கலக்கும் ஆலையே அதே ஓடையைத் தூர்வாரப் பணம் தர முன்வரலாம். யாரிடம் வாங்க மாட்டோம் என்பதை, அப்படி ஒருவர் வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காசோலை மேசைமேல் இருக்கும்போது தொடங்கும் விவாதத்தில் அமைப்பே இரண்டாக உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நெகிழிக் குவளைகளோடு நிதி திரட்டும் விழா

வேண்டவே வேண்டாம்.

ஒரே நன்கொடையாளரை நம்பி ஆண்டைத் திட்டமிடுவது

சிறு தொகையை மாதந்தோறும் தரும் 50 பேர் அவரை விட உறுதியான துணை.

நன்றிக் கடிதத்திலேயே அடுத்த வேண்டுகோளை வைப்பது

நன்றிக்கும் அடுத்த வேண்டுகோளுக்கும் இடையில் ஒரு செய்தி போய்ச் சேர வேண்டும். நாங்கள் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நட்ட அன்று நின்ற அதே இடத்திலிருந்து எடுத்த படத்தையும், உயிரோடு உள்ள கன்றுகளின் எண்ணிக்கையையும், பட்டுப்போனவற்றின் எண்ணிக்கையையும், அதற்கான காரணத்தையும் ஒரே பக்கத்தில் அனுப்புகிறோம். பட்டுப்போனதை மறைக்காமல் எழுதிய முதல் கடிதத்துக்குத்தான் அதிகம் பேர் பதில் எழுதினார்கள். சிலர் தண்ணீர்ச் செலவுக்கென்று தாமாகவே பணம் அனுப்பினார்கள்.