இரவல் நிலையாணை: காவல் துறை அங்கீகாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு சிறிய காவல் துறையின் புதிய அங்கீகார மேலாளர் தன் கோப்புகளை ஒருமுறை பார்த்துத் தரும்படி கேட்டார். முதல் கோப்பைத் திறந்ததுமே எனக்கு மனம் கனத்துவிட்டது. இந்த வேலைக்கு வந்த புதிதில் நான் செய்த அதே பிழையை அவரும் செய்திருந்தார். கெடுவைத் தவறவிடுவது, கையெழுத்தை மறப்பது போன்றவற்றை யாரும் சொல்லாமலே கற்றுக்கொள்வீர்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஒரு காவல் துறை வகுக்கப்பட்ட தரவிதிகளின்படி நடக்கிறது என்று வெளி அமைப்பு ஒன்று ஆய்ந்து சான்றளிப்பதே அங்கீகாரம். அமெரிக்காவில் காவல் துறைகளுக்கு இதை வழங்கும் முக்கிய அமைப்பு, சுருக்கமாகக் ‘கலீயா’ எனப்படும் ஆணையம். காவல் தலைமை அதிகாரிகளின் நான்கு அமைப்புகள் சேர்ந்து 1979-இல் இந்த ஆணையத்தைத் தொடங்கின. சேர வேண்டும் என்று கட்டாயமில்லை. துறை தானாக விரும்பிக் கட்டணம் செலுத்திச் சேர்கிறது. சுழற்சி நான்கு ஆண்டுகள். ஆண்டுதோறும் ஒரு பகுதிக் கோப்புகளை இணையவழியே ஆய்வு செய்கிறார்கள். நான்காம் ஆண்டில் மதிப்பீட்டாளர்கள் நேரில் வருகிறார்கள்.

இரவல் கையேடு

தரவிதிகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பலவும் ‘இதற்கு எழுத்துமூல நிலையாணை வேண்டும்’, அதாவது துறை தன் பணியாளர்களுக்கு எழுதி வைக்கும் நடைமுறை விதி வேண்டும், என்று கேட்குமே தவிர, அதை வரிவரியாக எழுதித் தராது. புதியவர் திகைத்து நிற்கும்போது, ஏற்கெனவே அங்கீகாரம் பெற்ற பெரிய துறை ஒன்று தன் நிலையாணைக் கையேட்டை மனமுவந்து கொடுக்கும். துறையின் பெயரை மாற்றித் தலைவரிடம் கையெழுத்து வாங்கினால், ஓராண்டு வேலை இரண்டு வாரத்தில் முடிந்ததுபோல் இருக்கும். நானும் அப்படித்தான் செய்தேன்.

எங்களை அது கவிழ்த்த இடம் சான்றுப்பொருள் அறை. தரவிதி கேட்பது இவ்வளவுதான்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பாளரின் ஆய்வு, ஆண்டுக்கு ஒருமுறை அந்த அறையோடு நேரடித் தொடர்பில்லாத மேலதிகாரியின் தணிக்கை, ஆண்டுக்கு ஒருமுறையாவது சொல்லாமல் வந்து செய்யும் சோதனை, பொறுப்பாளர் மாறினால் தனித் தணிக்கை. நான் வாங்கி வந்த கையேட்டிலோ ‘மாதந்தோறும் ஆய்வு செய்ய வேண்டும்’ என்று இருந்தது. அந்தத் துறையில் அறைக்கென்றே தனிப் பணியாளர்கள் இருந்தார்கள். எங்களிடம் இருந்தவர் ஒரே ஒரு சார்ஜண்ட். அவரும் புலனாய்வுப் பணிக்கு நடுவே இதைக் கவனித்து வந்தவர்.

மதிப்பீட்டாளர் எங்கள் நிலையாணையை மேசையில் விரித்து, பக்கத்தில் ஆய்வுப் பதிவேட்டை வைத்தார். விரலால் தேதிகளைத் தொட்டுக்கொண்டே வந்தவர், “ஏப்ரல், அக்டோபர். மற்ற பத்து மாதங்கள் எங்கே?” என்றார். அறையில் குறை என்று ஒன்றும் இல்லை. துப்பாக்கிகள் தனிப் பூட்டுக்குள் இருந்தன. போதைப்பொருள் உறைகளின் முத்திரை கலையவில்லை. எண்ணிப் பார்த்த பணம் சரியாக இருந்தது. தரவிதி கேட்டதை அந்த மனிதர் பிசகாமல் செய்திருந்தார். ஆனால் துறை தன் வாயால் சொன்னதையும் செய்கிறதா என்று பார்ப்பது மதிப்பீட்டாளரின் கடமை. “இப்படி ஒரு வரி இருப்பதே எனக்குத் தெரியாதே” என்றார் சார்ஜண்ட், பதிவேட்டைப் பார்த்தபடியே. நேர்மையாக வேலை பார்த்தவரை நான் படிக்காமல் ஒட்டிய ஒரு வரி தலைகுனிய வைத்துவிட்டது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கோப்பைச் சரிசெய்யப் பல மாதங்கள் பிடித்தன. அதைவிடப் பெரிய ஆபத்து நீதிமன்றத்தில் இருக்கிறது. உங்கள் நிலையாணையை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டு வாங்கலாம். ‘மாதந்தோறும் பார்ப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பார்த்தீர்களா?’ என்ற கேள்விக்கு, தரவிதி இரண்டு முறைதான் கேட்கிறது என்பது பதிலாகாது.

இரவல் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் ஒவ்வொரு வரியையும் அந்த வேலையைச் செய்பவரோடு உட்கார்ந்து படியுங்கள். யார் செய்வார், எப்போது செய்வார், செய்ததை எங்கே பதிவார் என்று கேளுங்கள். பதில் இல்லாத வரி தரவிதி கேட்காததாக இருந்தால் வெட்டிவிடுங்கள். தரவிதி கேட்பதாக இருந்தால் வரி நிற்கட்டும், அதைச் செய்ய முதலில் ஆளை அமர்த்துங்கள். ‘வேண்டும்’ என்று எழுதும் இடமெல்லாம் நிறுத்தி யோசியுங்கள். ‘செய்யலாம்’ என்பது தீர்மானத்தை அதிகாரியிடம் விடுகிறது. ‘வேண்டும்’ உங்களைக் கட்டிப்போடுகிறது.

பின்னால் எழுதி, முன் தேதி இடுவது

கூடவே கூடாது. விடுபட்ட ஆய்வு ஒரு குறை, அவ்வளவுதான்; தேதியை மாற்றினால் அது பொய் ஆவணம். விடுபட்டது என்றே பதிந்து, எப்படித் திருத்தினீர்கள் என்பதைக் காட்டுங்கள்.

ஒத்திகை மதிப்பீட்டுக்கு நண்பர்களை அழைப்பது

உங்களிடம் குறை சொல்லத் தயங்காதவரை அழையுங்கள்.

மேலாளர் ஒருவரே சுமப்பது

தலைவர் மாதம் ஒருமுறையாவது கோப்புகளைக் கேட்டுப் பார்க்காத துறையில், நான்காம் ஆண்டு வரும்போது மேலாளர் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆய்வுத் தேதிகள் அவர் தலைக்குள் இருந்தவை, அவரோடு போய்விடும்.

அந்தப் புதிய மேலாளரின் கோப்புக்கு வருகிறேன். காவலர் பலம் பயன்படுத்தியது பற்றிய அறிக்கை ஒவ்வொன்றையும் துணைத் தலைவர் 24 மணி நேரத்துக்குள் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று அதில் இருந்தது. “சனி, ஞாயிறு அவர் பணியில் இருப்பாரா?” என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், அந்த வரியின் கீழே கோடிட்டு, துணைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார்.