மலகாசியில் ‘உம்’ எங்கே, ‘ஆனால்’ எங்கே?

“காத்து பலம், அதனால கடலுக்குப் போகல.” பாம்பனிலிருந்து தொண்டி வரை எந்தக் கரையில் நின்றாலும் காதில் விழும் பேச்சு இது. மடகாஸ்கரின் மலகாசி மொழியில் இணைப்புச் சொற்களைப் பழக இந்த ஒரு வாக்கியமே பெரும்பாலும் போதும். இதையே புரட்டிப் புரட்டிப் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் சொல்வரிசை. மலகாசியில் வினை முன்னால் வரும், எழுவாய் கடைசியில் நிற்கும். ‘மஹேரி நி ரிவுட்ர’ என்றால் ‘பலம், காற்று’. ‘ட்ஸி ஹந்தேஹா ஆஹு’ என்றால் ‘மாட்டேன் போக, நான்’. வினையின் முதல் எழுத்தே காலத்தைக் காட்டிவிடும்: மந்தேஹா போகிறேன், நந்தேஹா போனேன், ஹந்தேஹா போவேன்.

உச்சரிப்பில் இரண்டு எச்சரிக்கை. மலகாசி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. அதில் ஓ என்ற எழுத்தைப் பார்த்தால் ‘உ’ என்றே வாசிக்க வேண்டும். சொல்லின் கடைசியில் ஒய் வந்தால் அது ‘இ’. அதோடு ‘ட்ர’ என்று இங்கே எழுதியிருப்பது நாக்கை மேலே மடித்துச் சொல்வது. ட, ள, ழ பழகிய நாக்குக்கு அது சிரமமில்லை.

இனி ஒட்டு வேலை. தமிழில் ‘மீனும் நண்டும்’ என்று இரண்டு சொல்லுக்கும் வால் வைப்போம். மலகாசியில் வால் கிடையாது, நடுவில் ஒரு ‘ஸி’ மட்டும்: ‘ட்ருண்ட்ரு ஸி ஃபூஸா’, மீனும் நண்டும். (ஃபூஸாவில் உள்ள ஸ, ஆங்கில இசட் ஒலி.) பழக்கதோஷத்தில் இரண்டு பெயருக்கும் ‘ஸி’ போட்டுவிடுவதுதான் நம்மவர்களின் முதல் தவறு.

இரண்டாவது தவறு, ‘ஸி’யை எல்லா இடத்திலும் போடுவது. ஒரே ஆள் இரண்டு வேலை செய்தால் ‘ஸி’: ‘மிஹினனா ஸி மிஸூட்ரு ஆஹு’, நான் சாப்பிடுகிறேன், குடிக்கிறேன். இங்கே ‘நான்’ ஒரே தடவைதான், அதுவும் கடைசியில். ஆள் மாறி, இரண்டு முழு வாக்கியங்கள் சேர்ந்தால் ‘ஆரி’ வேண்டும்: ‘மிஹினனா ஆஹு ஆரி மிஸூட்ரு இயனாவ்’, நான் சாப்பிடுகிறேன், நீ குடிக்கிறாய். முதல் பாதியின் எழுவாய் வந்து முடிந்துவிட்டதா என்று பாருங்கள். முடிந்திருந்தால் ‘ஆரி’, முடியாவிட்டால் ‘ஸி’.

‘அல்லது’ சொல்லவும் இரண்டு சொல் உண்டு. எது வேண்டும் என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ‘ஸா’: ‘ட்ருண்ட்ரு ஸா ஃபூஸா நு தியனாவ்?’, உனக்குப் பிடித்தது மீனா நண்டா? ஏதோ ஒன்று இருந்தால் சரி என்றால் ‘நா’: ‘ட்ருண்ட்ரு நா ஃபூஸா’. நமது ‘மீனா நண்டா’வுக்கும் ‘மீனோ நண்டோ’வுக்கும் உள்ள வித்தியாசம்தான். அதைப் பிடித்துக்கொண்டால் குழப்பம் வராது.

அடுத்தது ‘ஃபா’. மலகாசியில் ஆளை அதிகம் தடுக்கி விழ வைக்கும் சொல் இதுதான். இதற்கு மூன்று வேலை.

பார்த்தேன், தெரியும், நம்புகிறேன் போன்ற சொல்லுக்குப் பின்னால் வந்தால் நமது ‘என்று’: ‘ஹீத்தக்கு ஃபா மஹேரி நி ரிவுட்ர’, காற்று பலம் என்று தெரிகிறது. நாம் ‘என்று’வைப் பின்னால் வைப்போம், அவர்கள் முன்னால் வைக்கிறார்கள்.

‘ட்ஸி’ என்ற மறுப்புக்குப் பின்னால் மாற்றுப் பொருளைக் காட்டினால் ‘அல்ல, மாறாக’: ‘ட்ஸி நிவிதி ட்ருண்ட்ரு ஆஹு ஃபா ஃபூஸா’, நான் வாங்கியது மீன் அல்ல, நண்டு.

முழு வாக்கியத்துக்குப் பின்னால் காரணம் சொன்னால் ‘ஏனென்றால்’: ‘ட்ஸி ஹந்தேஹா ஆஹு ஃபா மஹேரி நி ரிவுட்ர’, போகமாட்டேன், காற்று பலமாக இருக்கிறதே.

சிக்கல் எங்கே? ‘ட்ஸி ஹந்தேஹா ஆஹு ஃபா ஹத்தூரி’ என்றால் ‘போகமாட்டேன், தூங்கப்போகிறேன்’. மேலே உள்ளதும் இதுவும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. முன்னதில் ‘ஃபா’வுக்குப் பின் காற்று என்ற புது எழுவாய் வருகிறது, அதனால் காரணம். பின்னதில் புது எழுவாய் இல்லை, போவதற்குப் பதில் வேறு வேலைதான் வருகிறது, அதனால் மாற்று. ‘ஃபா’வைக் கேட்டவுடன் அர்த்தத்தைத் தீர்மானிக்காமல் அடுத்த இரண்டு சொல் வரை காத்திருங்கள்.

சாதாரண ‘ஆனால்’ சொல்ல ‘நெஃபா’ என்று தனிச்சொல் இருக்கிறது: ‘மஹேரி நி ரிவுட்ர நெஃபா ஹந்தேஹா ஆஹு’, காற்று பலம், ஆனால் போவேன். பேச்சில் ‘ஃபா’வும் ‘ஆனால்’ ஆக வருவது உண்டு. ஆனாலும் தொடக்கத்தில் அதைத் தொடாதீர்கள். நீங்கள் ‘ஆனால்’ என்று நினைத்துச் சொன்னது எதிராளிக்கு ‘ஏனென்றால்’ ஆகிவிடும்.

காரணத்தில் இன்னொரு வழுக்கல் உண்டு. தமிழில் காரணத்தை முன்னால் சொல்லியே பழகிவிட்டோம்: காற்று பலம், அதனால் போகல. இந்த வரிசை வேண்டுமென்றால் ‘கா’ போடுங்கள்: ‘மஹேரி நி ரிவுட்ர கா ட்ஸி ஹந்தேஹா ஆஹு’. முடிவை முன்னால் சொல்லிக் காரணத்தைப் பின்னால் வைத்தால் ‘ஃபா’, அல்லது அழுத்தமாகச் சொல்ல ‘ஸட்ரியா’. காரணம் வாக்கியமாக இல்லாமல் வெறும் பெயராக இருந்தால் ‘நூஹு’: ‘நூஹு நி ரிவுட்ர’, காற்றினால். இதே ‘நூஹு’ ஒப்பிடும்போது ‘விட’ என்றும் வரும். அதைக் கண்டு பதற வேண்டாம்.

நிபந்தனைக்கு ‘ராஹா’ முன்னால், ‘தியா’ நடுவில். ‘தியா’வின் ‘தி’யை ‘தினம்’ என்பதில் வரும் ‘தி’ போல உச்சரிக்க வேண்டும். ‘ராஹா மஹேரி நி ரிவுட்ர தியா ட்ஸி ஹந்தேஹா ஆஹு’, காற்று பலமாக இருந்தால் போகமாட்டேன். ‘இருந்தாலும்’ என்று திருப்ப, ‘நா தியா’வை முன்னால் வைத்து ‘ஆஸா’வை உள்ளே செருக வேண்டும்: ‘நா தியா மஹேரி ஆஸா நி ரிவுட்ர தியா ஹந்தேஹா ஆஹு’. ‘ஆஸா’வை விட்டுவிட்டால் வாக்கியம் நொண்டும். அது நிற்கும் இடம் ‘மஹேரி’யை ஒட்டித்தான், வாக்கியக் கடைசியில் அல்ல.

‘போது’வுக்கு: வரப்போவதற்கும் வழக்கமாக நடப்பதற்கும் ‘ரெஹேஃபா’, கடந்துபோனதற்கு ‘ஃபூனி’. ‘ஃபூனி ஆஹு ம்பூலா கேலி’ என்றால் நான் இன்னும் சின்னவனாக இருந்தபோது. கடைசியில் நிற்க வேண்டிய ‘ஆஹு’ இங்கே ‘ஃபூனி’யை ஒட்டி முன்னால் வந்துவிடுகிறது. இந்தத் தொடரை அப்படியே மனப்பாடம் செய்வது நல்லது.

‘ம்பா’ என்றால் ‘செய்வதற்காக’. அதன் பின்னால் வரும் வினை ‘ஹ’வில் தொடங்க வேண்டும்: ‘மியானட்ர ஆஹு ம்பா ஹஹாய்’, தெரிந்துகொள்வதற்காகப் படிக்கிறேன். ‘மஹாய்’ என்று சொன்னால் தவறு.

பழகும் முறை: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் 61 நாள் இருக்கிறதே, வாரம் ஒரு சொல் என்று வைத்தால் ஏழெட்டுச் சொல் உருப்படியாக நாக்கில் ஏறும். முதல் வாரம் ‘ஸி’, இரண்டாம் வாரம் ‘ஆரி’, பிறகு ‘கா’, ‘நெஃபா’. ‘ஃபா’வை ஐந்தாம் வாரத்துக்குத் தள்ளிவிட்டு அதற்கு மட்டும் இரண்டு வாரம் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் காற்று வாக்கியத்தை அந்தச் சொல்லால் பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுதிப் பார்ப்பதைவிடச் சொல்லிப் பார்ப்பதில்தான் ‘எழுவாய் கடைசியில்’ என்ற வரிசை படியும்.

மடகாஸ்கரின் தென்மேற்குக் கடற்கரையில் பக்கவாட்டில் மிதவைக் கட்டை வைத்த தோணியில் மீன்பிடிக்கும் வேஸு மக்களின் பேச்சு, மேட்டுநில மெரினா இன மக்களின் வழக்கை ஒட்டிய பொது மலகாசியிலிருந்து வேறுபடும். இங்கே சொன்னதெல்லாம் பொது மலகாசி.