லிமிட்டட் யூசருக்கு ப்ரோகிராம் வழியா கமாண்ட் ஓட்டறப்ப பண்ணக்கூடாத தப்புங்க

ஏஎஸ்400-ங்கற ஐபிஎம் பிசினஸ் கம்ப்யூட்டர் 1988-ல வந்தது, 2008-லயே ஐபிஎம் ஐ-ன்னு பேரு மாத்திட்டாங்க, ஆனா நாம இன்னும் பழைய பேருலதான் கூப்பிட்டுட்டு இருக்கோம். அதுல யூசர் ப்ரொஃபைல்ல லிமிட் கேப்பபிலிட்டீஸ்னு ஒரு ஃபீல்டு இருக்கும், அங்க ஸ்டார் யெஸ் (*YES) போட்டா அந்த ஆள் லிமிட்டட் யூசர், அவரால கமாண்ட் லைன்ல சைன் ஆஃப், மெசேஜ் அனுப்பறது, மெசேஜ் பாக்கறது, ஜாப், ஜாப் லாக் பாக்கறதுன்னு விரல் விட்டு எண்ணற கமாண்டுங்கதான் அடிக்க முடியும். ஆனா அதே ஆளுக்கு பிரிண்டர் ரைட்டர் (பிரிண்டருக்கு வேலைய அனுப்பற ப்ரோகிராம்) மாட்டிக்கிச்சுன்னா நிறுத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணணும், ஒவ்வொரு தடவையும் நம்மள கூப்பிடாம இருக்கணும்னா ஒரு ப்ரோகிராம் எழுதி மெனுல வெச்சு குடுக்கணும். வம்பு இங்கதான் ஆரம்பிக்குது.

சில பேரு ப்ரோகிராம் எழுத சோம்பல் பட்டு கமாண்டையே தொறந்து விட்டுடுவாங்க. சேஞ்ச் கமாண்ட் போட்டு அலவ் லிமிட்டட் யூசர்ங்கற செட்டிங்கை ஸ்டார் யெஸ் ஆக்கிட்டா முடிஞ்சது, ஆனா ஒருத்தருக்காக மாத்தினது அந்த மெஷின்ல இருக்கற எல்லா லிமிட்டட் யூசருக்கும் தொறந்துடும், அடுத்த ரிலீஸ் அப்கிரேடுல அந்த மாத்தம் காணாமலும் போயிடும். அதுலயும் கால் (CALL) கமாண்டை, அதாவது ப்ரோகிராமை ஓட்டற கமாண்டை, தொறந்து விடறதுதான் மகா தப்பு. ஏன்னா யூசர் கமாண்ட் லைன்லயே க்யூசிஎம்டிஎக்ஸெக்க (QCMDEXC, குடுத்த ஸ்ட்ரிங்கை கமாண்டா ஓட்டற சிஸ்டம் ப்ரோகிராம்) கால் பண்ணி, மேற்கோள் குறிக்குள்ள டெலிட் லைப்ரரின்னு (லைப்ரரின்னா ஃபைல், ப்ரோகிராம் எல்லாம் இருக்கற ஃபோல்டர் மாதிரி) எழுதி, பக்கத்துல லெங்த் குடுத்து எண்டர் தட்டலாம். சிஸ்டம் லிமிட்டட் யூசர்னு பாக்கறது வெளியில அடிச்ச கால் கமாண்டை மட்டும்தான், உள்ள போற ஸ்ட்ரிங்கை அந்த கண்ணோட பாக்கறதே இல்ல. அப்புறம் தடுக்கறதுக்கு ஆப்ஜெக்ட் அத்தாரிட்டி (எந்த ஃபைல், ப்ரோகிராம்ல யாருக்கு என்ன உரிமைங்கறது) மட்டும்தான் மிச்சம், அதையும் பப்ளிக்குக்கு ஸ்டார் ஆல்னு வெச்சிருந்தீங்கன்னா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல.

நானும் ஒரு காலத்துல பண்ணியிருக்கேன். ஸ்க்ரீன்ல நீளமா ஒரு இன்புட் ஃபீல்டு, என்ன அடிச்சாலும் அப்படியே க்யூசிஎம்டிஎக்ஸெக்குக்கு போகும், "அத்தாரிட்டி இல்ல"ன்னு எரர் வந்ததால ப்ரோகிராம் ஓனரை செக்யூரிட்டி ஆஃபீசர் (எல்லா உரிமையும் இருக்கற ப்ரொஃபைல்) ஆக்கி, யூசர் ப்ரொஃபைல் ஸ்டார் ஓனர்னு கம்பைல் பண்ணிட்டேன், அதாவது யாரு ஓட்டினாலும் ஓனரோட அத்தாரிட்டியும் சேர்ந்து ஓடும், இதைத்தான் அடாப்ட்னு சொல்வாங்க. வேலை செஞ்சுது, சந்தோஷப்பட்டேன்! யோசிச்சு பாத்தா பிரிண்டர் ரீஸ்டார்ட் பண்ண வந்தவர் கையில மெஷின் சாவியையே குடுத்திருந்தேன்.

இப்ப எப்படி பண்றேன்னா, யூசர்கிட்ட பிரிண்டர் பேரு மட்டும் வாங்கறேன், பத்து கேரக்டர், டிஸ்ப்ளே ஃபைல்ல (ஸ்க்ரீன் அமைப்பு இருக்கற ஃபைல்) வேலிட் நேம் செக் போட்டு, சிஎல் (சிஸ்டம் கமாண்டுங்களை எழுதற மொழி) ப்ரோகிராம்ல எண்ட் ரைட்டர் கமாண்டை நேரடியா எழுதி பேரை வேரியபிளா குடுத்துடறேன். பாதி இடத்துல க்யூசிஎம்டிஎக்ஸெக் தேவையே இல்லைங்க, பழக்கதோஷத்துல போடறோம். ஓனரும் செக்யூரிட்டி ஆஃபீசர் வேண்டாம், ஜாப் கண்ட்ரோல் (ஜாப், ரைட்டர நிறுத்த, ஸ்டார்ட் பண்ண விடற உரிமை) மட்டும் இருக்கற, பாஸ்வேர்டு இல்லாத ஒரு ப்ரொஃபைல் போதும். யூசர் அடிக்கற கமாண்டை ஓட்டியே ஆகணும்னா க்யூசிஏபிசிஎம்டி ஏபிஐல டைப் 2 குடுங்க, அது கமாண்ட் லைன் மாதிரியே லிமிட்டட் யூசரான்னு பாத்துட்டுதான் ஓட்டும்.

அடாப்ட் பண்ண அத்தாரிட்டி, கால் ஸ்டாக்ல கீழ இருக்கற ப்ரோகிராமுக்கும் இறங்கும், அதனால லைப்ரரி பேரு இல்லாம வெறும் பேரை வெச்சு கால் பண்ணாதீங்க, லைப்ரரி லிஸ்ட்ல (சிஸ்டம் பேரை தேடற வரிசை) முன்னாடி அதே பேருல வேற ஒண்ணு இருந்தா ஓனர் பவரோட அதுதான் ஓடும். ஆனா சப்மிட் ஜாப் போட்டா அந்த பவர் கூட வராது, பேட்ச் ஜாப் யூசரோட சொந்த அத்தாரிட்டிலதான் ஓடும், "ஸ்க்ரீன்ல ஓடுது, பேட்ச்ல மட்டும் ஓடலையே"ன்னு மண்டைய பிச்சுக்கறவங்க இதை முதல்ல பாருங்க. ஐஎஃப்எஸ் (யூனிக்ஸ் மாதிரி ஃபோல்டர் வெச்ச ஃபைல் சிஸ்டம்) ரூட்ல இருக்கற ஃபைலுக்கும் அடாப்ட் வேலை செய்யாது.

க்யூசிஎம்டிஎக்ஸெக்கோட லெங்த் பாராமீட்டர் பேக்டு 15,5 (மொத்தம் 15 இலக்கம், அதுல 5 தசமம்). சிஎல்ல நம்பரை அப்படியே எழுதினா தானா அந்த மாதிரி போயிடும், ஆர்பிஜி மொழில இன்டிஜர் வேரியபிளை ப்ரோட்டோடைப் இல்லாம அனுப்பினா எரர்தான்.

அப்புறம் இன்னொரு தப்பு, சிபிஎஃப்0000-க்கு (எல்லா சிபிஎஃப் எரரையும் பிடிக்கற மெசேஜ் ஐடி) ஒரு மானிட்டர் மெசேஜ் போட்டுட்டு உள்ள எதுவும் எழுதாம விடறது. கமாண்ட் ஓடவே இல்ல, ஆனா ஸ்க்ரீன் அமைதியா இருக்கு, யூசர் பிரிண்டர் பக்கத்துல நின்னுட்டே இருப்பாரு. அட்லீஸ்ட் வந்த மெசேஜை அவருக்கு காட்டுங்க.

ஏற்கனவே ஓடிட்டு இருக்கற சிஸ்டம்னா டிஸ்ப்ளே ப்ரோகிராம் அடாப்ட் கமாண்டுல செக்யூரிட்டி ஆஃபீசர் ப்ரொஃபைல் குடுத்து லிஸ்ட் எடுங்க. நான் எடுத்தப்ப என்னோட அந்த பழைய ப்ரோகிராம் இன்னும் மெனுல உசுரோட இருந்துச்சு.