மெட்டலே இல்லாம எலக்ட்ரானிக்ஸ் பண்ண முடியுமா? ஒரு பென்சில எடுத்துக்கங்க

பழைய டிவி ரிமோட்ட கழட்டிப் பாத்திருக்கீங்களா, ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலயும் கருப்பா ஒரு சின்ன ரப்பர் வட்டம் இருக்கும், அது கார்பன் கலந்த ரப்பர், பட்டன அமுக்கினா கரண்ட் அது வழியாதான் பாயுது. அதனால முடியுமான்னு கேட்டா என் பதில், பாதிக்கு மேல முடியும். எது முடியும் எது முடியாதுன்னு கையால செஞ்சு பாத்தாதான் புரியும்.

முதல்ல 6பி இல்ல 8பி பென்சில் வாங்குங்க. எச்பி வேணாம், அதுல களிமண் அதிகம், கிராஃபைட் (கரண்ட் கடத்துற கார்பன்) கம்மி. கெட்டி பேப்பர்ல 5 செ.மீ. நீளம், 1 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை போட்டு மேல மேல பத்து பதினஞ்சு தடவ அழுத்தி தேய்ங்க, பளபளன்னு ஆகணும். மல்டிமீட்டர்ல (ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டுக்கு இருக்குற தடைய அளக்குற மீட்டர்) பாத்தா சில கிலோ ஓம் காட்டும். 9 வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்ஈடி, நடுவுல இந்த பட்டை, அவ்ளோதான், எரியும். ரொம்ப மங்கலா இருந்தா பட்டைய அகலமாக்குங்க, அகலம் ரெண்டு மடங்கானா ரெசிஸ்டன்ஸ் பாதியாகும். எல்ஈடியோட ஒரு கால பட்டை மேலயே நகத்திப் பாருங்க, வெளிச்சம் கூடும் குறையும், ரேடியோவுல சவுண்ட் கூட்டுற குமிழுக்குள்ள நடக்கறதும் இதேதான்.

அடுத்து ஒயர். இங்கதான் கஷ்டமே. கார்பன் ஃபைபர் இழைய ஒயரா போடலாம், ஆனா காப்பரோட ஒப்பிட்டா அதோட ரெசிஸ்டிவிட்டி கிட்டத்தட்ட 1000 மடங்கு. சிக்னலுக்கு ஓகே, பவருக்கு ஆகாது. சாதா ஈயப் பத்தும் அதுல ஒட்டாது, கிராஃபைட் பவுடர பசையில குழைச்சு ஒட்டணும், பாதி ஃபால்ட் அந்த ஜாயின்ட்லதான் வரும், அதனால ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காஞ்சப்புறம் மீட்டர் வச்சு பாத்துட்டு அடுத்ததுக்கு போங்க. இழைய வெட்டும்போது மாஸ்க், க்ளவுஸ் கட்டாயம். ப்ளக் பாயின்ட் பக்கமே கொண்டு போகாதீங்க, பறக்குற துண்டு ஷார்ட் பண்ணிடும்.

பேட்டரிக்கு பதிலா சூப்பர் கெபாசிட்டர் (சார்ஜ பிடிச்சு வச்சு திருப்பித் தர்ற சாதனம்) செய்யலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். மீன் தொட்டி கடையில ஆக்டிவேட்டட் கார்பன் கிடைக்கும், தேங்காய் சிரட்டையில செஞ்சதா கேட்டு வாங்குங்க (அடுப்புக்கரி சரிப்படாது, அதுல நுண்துளை பத்தாது). நல்லா பொடி பண்ணி உப்புத்தண்ணில குழைச்சு ரெண்டு கிராஃபைட் ஷீட்ல தடவி, நடுவுல ஈரமான டிஷ்யூ பேப்பர் வச்சு, ரெண்டும் தொட்டுக்காம அமுக்கி கட்டுங்க. 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல்லால சார்ஜ் ஏத்துங்க, அதுக்கு மேல போகாதீங்க, 1.23 வோல்ட்ட தாண்டினா தண்ணியே பிரிய ஆரம்பிக்கும். இந்த மாதிரி மூணு செஞ்சு தனித்தனியா சார்ஜ் ஏத்தி வரிசையா கோத்தா சிவப்பு எல்ஈடி கொஞ்ச நேரம் எரியும்.

அந்த எல்ஈடிக்குள்ள கேலியம் இருக்கு, அதுவும் மெட்டல்தான், அத மறைக்க விரும்பல. மோட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர் ரெண்டையும் இப்போதைக்கு மறந்துடுங்க, சுருளா சுத்துற கார்பன் இழையில ரெசிஸ்டன்ஸ் ஏறிடும், உள்ள வைக்குற கோருக்கு இரும்பு இல்ல ஃபெரைட் வேணும், ஃபெரைட்டும் இரும்பு ஆக்சைடுதான்.

ட்ரான்சிஸ்டர் (கரண்ட கட்டுப்படுத்துற சின்ன சுவிட்ச்) வீட்ல ஆகாது, ஆனா லேப்ல நடந்திருக்கு. 1977ல ஷிரகாவா, மெக்டயர்மிட், ஹீகர்னு மூணு விஞ்ஞானிகள் பாலிஅசிட்டிலீன் பிளாஸ்டிக்ல அயோடின் ஏத்தி நல்லா கரண்ட் கடத்த வச்சாங்க, 2000ல கெமிஸ்ட்ரி நோபல் அதுக்குதான். 1994ல பிரான்ஸ்ல கார்னியே குழு மெட்டலே இல்லாம முழு பிளாஸ்டிக் ட்ரான்சிஸ்டர பிரிண்ட் பண்ணிக் காட்டுச்சு, அதுல எலக்ட்ரோடுக்கு அவங்க போட்டது கிராஃபைட் கலந்த மை, அதாவது நீங்க பேப்பர்ல தேய்ச்ச அதே சரக்கு.