ஹைடா மரப்பெட்டி: பார்வை சறுக்கும் இடங்கள்

கனடாவின் பசிபிக் கரைக்கு அப்பால் உள்ள ஹைடா குவாய் தீவுகளில் வாழும் ஹைடா பழங்குடி மக்களின் பழைய செதுக்குப் பெட்டியை அருங்காட்சியகத்தில் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "இது என்ன மிருகம்?" என்றுதான். அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் மூலைகளைப் பாருங்கள்.

நாலு பலகைகளை ஆணியடித்துச் சேர்த்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நாலு பக்கமும் ஒரே செடார் பலகை. மூன்று இடங்களில் குறுக்கே பள்ளம் வெட்டி, நீராவி காட்டி மடிப்பார்கள். நாலாவது மூலையில் மட்டும் இரு முனைகளையும் மரமுளையாலோ ஸ்புரூஸ் மர வேராலோ இறுக்குவார்கள். அடிப்பலகையும் மூடியும் தனி. தண்ணீர் ஊற்றி, சுட்ட கற்களைப் போட்டுச் சமைக்கும் அளவுக்கு ஒழுகாத பெட்டிகள்கூட இருந்தன. செதுக்கி வண்ணம் தீட்டிய பெரிய பெட்டிகளோ தலைவர் வீட்டுச் சடங்கு உடைகளுக்கானவை. நாலு பலகையை ஒட்டி மேலே டிசைன் வரைந்து 'ஹைடா பெட்டி' என்று விற்பது எனக்கு ஏமாற்றாகத்தான் படுகிறது.

சரி, மிருகம். கறுப்புக் கோட்டை உருவத்தின் ஓரக்கோடாக எண்ணுவதுதான் பெரிய தவறு. அந்தக் கறுப்பே உடல். அறுபடாமல், தடித்தும் மெலிந்தும் பெட்டி முகப்பு முழுக்க ஓடும். சிவப்பு உள் விவரங்களுக்கு. நீலப்பச்சை பெரும்பாலும் செதுக்கிய பள்ளங்களில். உடலைப் பிரித்து, கண், கை, இறகு என்று இடத்துக்கேற்ப அடுக்குவதால், பல பெட்டிகளில் எந்த விலங்கு என்று அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. நகலெடுப்பவர்கள் கோட்டை ஒரே தடிப்பில் இழுத்தால் எல்லாம் போச்சு.

'ஹைடா' என்ற அட்டையையும் முழுதாக நம்ப வேண்டாம். வணிகத்திலும் பொட்லாட்ச் விருந்துப் பரிசாகவும் பெட்டிகள் சிம்ஷியன், ஹெய்ல்ட்சுக், டிலிங்கிட் மக்களிடையே கைமாறின. சார்ல்ஸ் ஈடன்ஷா போன்ற ஹைடா சிற்பிகள் ஆர்ஜிலைட் என்ற கறுப்பு நிறக் கல்லில் செதுக்கிய சிறு பெட்டிகள் வேறு ரகம். வெளியாருக்கு விற்கச் செய்தவை.

இறந்துபோன கலை என்று எழுதுவதும் தவறு. 1885 முதல் 1951 வரை கனடா அரசு பொட்லாட்சைத் தடை செய்திருந்தும் கலை அழியவில்லை. அருங்காட்சியகங்களிலிருந்து மீட்ட முன்னோர் எலும்புகளை அடக்கம் செய்ய, தீவில் புதிதாகவே பெட்டிகள் செய்தார்கள்.

கடைசியாக, பெட்டிகளில் செதுக்கும் குலச் சின்னங்கள் தாய்வழியில் வரும் உரிமை. அழகாக இருக்கிறதே என்று டீ-ஷர்ட்டில் அச்சடிக்கக் கூடாது. பெட்டி வாங்குவதானால், செதுக்கியவரின் பெயரையும் குலத்தையும் கேளுங்கள். சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.