கூண்டு இருக்கும் வீட்டுக்கு ஏர் பியூரிஃபையர்: எங்கே தப்பு நடக்கிறது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஜோடி காக்டெயில் கிளிகள் இருக்கின்றன. காலையில் டிவியைத் துடைத்தால் சாயங்காலத்துக்குள் மறுபடி மெல்லிசாக வெள்ளைப் பொடி, யாரோ பவுடர் டப்பாவைத் தட்டிவிட்ட மாதிரி. அது தெருப்புழுதி இல்லை, இறகுப்பொடி. காக்டெயில், காக்கட்டூ, ஆப்பிரிக்கன் கிரே, புறா இதற்கெல்லாம் உடம்பை ஒட்டியிருக்கும் சில இறகுகள் பொடியாகவே உதிரும். லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சரி, ஒரு பியூரிஃபையர் வாங்கலாம் என்று போனேன். "அயனைசர் வெச்சது சார், கிருமியே இருக்காது" என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டிவிட்டு தூக்கிக்கொண்டு வந்தேன்.

பெரிய தப்பு அதுதான். அயனைசர் (காற்றில் இருக்கும் தூசிக்கு மின்னேற்றம் கொடுக்கும் பகுதி), பிளாஸ்மா என்று பெட்டியில் போட்டிருக்கும் மெஷின்களில் பல கொஞ்சமாவது ஓசோன் வாயுவை வெளியே விடும், சில யூவி விளக்குகளும் அப்படித்தான். ஓசோன் மனுஷ நுரையீரலையே அரிக்கும். பறவையின் நுரையீரலோ நம்முடையது மாதிரி ஊதிச் சுருங்குவது இல்லை. உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பைகள் துருத்தி மாதிரி வேலை செய்து, மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் புதுக்காற்றை ஒரே திசையில் நுரையீரல் வழியாக ஓட்டிக்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அது வரம், காற்றில் விஷம் கலந்துவிட்டால் அதுவே வினை. எங்கள் வீட்டில் இரண்டு நாளாக ஜெராக்ஸ் கடையில் வருமே, அந்த மாதிரி ஒரு காரமான வாடை. மூன்றாம் நாள் காலையில் ஆண் பறவை வாயைத் திறந்துகொண்டு, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தது. வால் அப்படி ஆடினால் மூச்சு விடக் கஷ்டப்படுகிறது என்று அர்த்தம். மெஷினை அணைத்துவிட்டு, கூண்டை வராந்தாவுக்கு மாற்றி, டாக்டரிடம் காட்டி, பிழைத்துக்கொண்டது. ஓசோன்தான் காரணம் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, ஆனால் மறுபடி போட்டுப் பார்க்கிற தைரியமும் வரவில்லை.

அயனைசரைத் தனியாக அணைக்கலாமே என்பார்கள். அணைக்கலாம், ஆனால் கரண்ட் போய் வந்ததும் அது தானாக ஆன் ஆகிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர், கார்பன், ஒரு ஃபேன், இதற்கு மேல் எதுவும் இல்லாததுதான் நல்ல மெஷின். அந்த ஹெப்பாவும் 'ஹெப்பா டைப்' என்று மழுப்பாமல் ஹெச்13 என்று தரத்தைத் தெளிவாகப் போட்டிருக்க வேண்டும்.

அடுத்தது, மெஷின்தான் ஓடுகிறதே என்ற தெம்பில் நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்துவிட்டு போனில் பேசுவது. காலித் தவா அளவுக்கு மீறிச் சூடானால் அந்தப் பூச்சிலிருந்து வரும் வாயு சில நிமிஷத்தில் பறவையைக் கொன்றுவிடும். ஹெப்பா பிடிப்பது தூசியை, வாயுவை அல்ல. கார்பன் வாயுவைப் பிடிக்கும் என்றாலும் வீட்டு மெஷினில் இருப்பது பெரும்பாலும் கரி தடவிய ஒரு மெல்லிய ஷீட். அது பிடித்து முடிப்பதற்குள் கதை முடிந்துவிடும். நாங்கள் இரும்புத் தோசைக்கல்லுக்குத் திரும்பிவிட்டோம். கொசுவத்தி, ரூம் ஸ்பிரே, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். சாம்பிராணி இப்போது பின்கட்டோடு நிற்கிறது, அம்மாவுக்கு அதில் இன்னும் மனத்தாங்கல். போகி அன்று மட்டும் ஜன்னலைச் சாத்திவிட்டு மெஷினை முழு வேகத்தில் விடுவோம், தெருவிலிருந்து வரும் புகைத்துகளுக்கு அது உதவும்.

அளவில் ஏமாறுவது இன்னொன்று. 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் 1200 கன அடி, அதாவது சுமார் 34 கன மீட்டர். மணிக்கு 5 தடவையாவது அந்தக் காற்று ஃபில்டருக்குள் போய் வர வேண்டும் என்றால் மணிக்கு 170 கன மீட்டர் வேண்டும். பெட்டியில் சிஏடிஆர், அதாவது மெஷின் மணிக்கு எவ்வளவு சுத்தமான காற்று தரும் என்று போட்டிருப்பது இந்தக் கணக்குதான், ஆனால் அது முழு வேகத்தில் எடுத்த எண். முழு வேகத்தில் ராத்திரி முழுக்க ஓடவிட்டால் நீங்களும் தூங்க மாட்டீர்கள், பறவையும் தூங்காது. அதனால் 250, 300 என்று எடுத்து மெதுவாக ஓட்டுங்கள். காற்று நேராகக் கூண்டில் அடிக்காமல் ஐந்தாறு அடி தள்ளி வைத்தால் போதும்.

நம் கடலோர ஈரத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் கரண்ட் இல்லை, வீடெல்லாம் ஓதம். கரண்ட் வந்ததும் மெஷினைப் போடப் போனவன் ஏதோ தோன்றி மூடியைக் கழற்றினேன்: ஃபில்டர் மடிப்புகளில் ஒட்டியிருந்த இறகுப்பொடி ஈரத்தில் ஊறிக் களி மாதிரி, ஓரத்தில் கரும்பச்சைப் புள்ளிகள். பூஞ்சை. அதை அப்படியே ஓட்டியிருந்தால் ஹால் முழுக்க பூஞ்சை வித்துதான், பறவைகளுக்கு அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நுரையீரல் நோயைக் கொண்டுவரும். ஹெப்பாவைக் கழுவிக் காயவைத்து மறுபடி போடலாம் என்று நினைக்காதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாற்றுங்கள். வாங்கும்போதே ஃபில்டர் என்ன விலை, இங்கே கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

முன்னால் இருக்கும் வலை ஃபில்டரை வாரம் ஒரு தடவை தட்டியாக வேண்டும். ஹாலில் வைத்துத் தட்டாமல் மாஸ்க் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். அப்புறம், வீட்டில் யாருக்காவது வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் விடாமல் இருந்தால் மெஷினை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போங்கள், இறகுப்பொடியும் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதால் அவர் கேட்காவிட்டாலும் வீட்டில் பறவை இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.