கிரானைட் உடைவதைச் சென்சார் வைத்துக் கேட்பது எப்படி?

பாறைக்குள் நுண்விரிசல் ஓடும்போது, அங்கே தேங்கிய ஆற்றலில் ஒரு பங்கு அதிர்வலையாகக் கிளம்பும். இதுதான் ஒலி உமிழ்வு. ஆய்வகக் கல்லில் பெரும்பாலும் 100 கிலோஹெர்ட்ஸ் முதல் 1 மெகாஹெர்ட்ஸ் வரை இருக்கும், காதுக்கு எட்டாது. காதில் 'டிக்' என்று விழும் நேரத்தில் கல்லின் கதை ஏறக்குறைய முடிந்திருக்கும்.

கல். 54 மி.மீ. விட்டம், 135 மி.மீ. நீளமுள்ள உருளை. இரு முனைகளும் 0.02 மி.மீ.க்குள் சமதளமாக இருக்க வேண்டும். மேடு இருந்தால் அது முதலில் நொறுங்கும். அந்த இரைச்சலை விரிசல் என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள். 150 மெகாபாஸ்கல் தாங்கும் கல்லுக்குச் சுமார் 345 கிலோநியூட்டன் சுமை வேண்டும். 500 கிலோநியூட்டன் இயந்திரம் போதும்.

சென்சார். விரிசலின் மூன்று ஆயங்கள், அது பிறந்த நேரம் என நான்கைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே குறைந்தது 4 சென்சார்; 8 இருந்தால் நிம்மதி. எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் ஒட்டினால், புள்ளி அந்த மட்டத்துக்கு மேலா கீழா என்று பிரிக்க முடியாது.

புதியவர்கள் சறுக்குவது ஒட்டுவதில்தான். 8 மி.மீ. தட்டைச் சென்சாரை இந்த வளைவில் வைத்தால் நடுவில் ஒரு கோடு மட்டும் தொடும், ஓரத்தில் 0.3 மி.மீ. இடைவெளி விழும். அதைக் கிரீஸால் நிரப்பிச் சமாளிக்காதீர்கள். ஒரு பக்கம் தட்டையும் மறுபக்கம் 27 மி.மீ. ஆர வளைவும் கொண்ட சிறு பித்தளைக் கட்டை செய்து இடையில் வையுங்கள். கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும். மேலே ரப்பர் வளையம் போட்டு இறுக்குங்கள்.

பென்சில் சோதனை. 0.5 மி.மீ. 2எச் பென்சில் முனையை 3 மி.மீ. நீட்டி, ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரே தூரத்தில் கல்லின்மேல் சாய்த்து உடையுங்கள். ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட 3 டெசிபலுக்கு மேல் விலகினால் கழற்றி மறுபடி ஒட்டுங்கள்.

வாசல் அளவு. இதைத் தாண்டும் சமிக்ஞையை மட்டுமே கருவி பதிவு செய்யும். சென்சார் சமிக்ஞையைப் பெருக்கும் 40 டெசிபல் முன்பெருக்கியைப் போட்டு, சுமை இயந்திரத்தின் பம்ப் ஓட, 5 கிலோநியூட்டன் சுமையில் ஐந்து நிமிடம் விடுங்கள். வரும் இரைச்சலின் உச்சத்துக்கு 6 டெசிபல் மேலே வாசலை வையுங்கள். வாசல் 40 முதல் 45 டெசிபலுக்குள் அடங்கவில்லை என்றால் எர்த்திங்கைப் பாருங்கள். வாசலை உயர்த்தி மறைக்க வேண்டாம்.

சுமை. நொடிக்கு 0.25 மெகாபாஸ்கல், அதாவது 0.57 கிலோநியூட்டன், பத்து நிமிடத்தில் உடையும். சுமை அளவையும் ஒலிப் பதிவுக் கருவிக்கே ஒரு சேனலாகக் கொடுங்கள். இரண்டு கணினி, இரண்டு கடிகாரம் என்று போனால் பிறகு பொருத்தவே முடியாது. பாலிகார்பனேட் தடுப்பு இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்.

நேரே உடைக்காமல் முதலில் 50 மெகாபாஸ்கல் வரை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுங்கள். ஜெர்மனியின் ஜோசப் கெய்சர் 1950இல் உலோகங்களில் பதிவு செய்த விளைவு இங்கே கைகொடுக்கும்: முன்பு தாங்கிய சுமையைத் தாண்டும்வரை கல் ஏறக்குறைய மௌனமாக இருக்க வேண்டும். 10 மெகாபாஸ்கலிலேயே சடசடவென்றால் பேசுவது கல்லின் உட்புறம் அல்ல, கல்லின் முனையும் அதை அழுத்தும் இயந்திரத் தகடும்.

வாசிப்பு. தொடக்கத்தில் கொஞ்சம் சத்தம் வரும். பழைய விரிசல்கள் மூடுகின்றன. பிறகு அமைதி. உச்ச வலிமையின் 40 முதல் 50 சதவீதத்தில் புது விரிசல் தொடங்கும். 80ஐ ஒட்டி எண்ணிக்கை மளமளவென்று ஏறும். 1991இல் அமெரிக்கப் பாறை ஆய்வாளர் லாக்னரின் குழுவினர் வெஸ்டர்லி என்ற வகைக் கிரானைட்டில் இந்த எண்ணிக்கையையே கடிவாளமாக்கினார்கள். சத்தம் கூடினால் சுமையைக் குறைத்து, நொடியில் முடியும் உடைவை நிதானமாக நடத்திப் பிளவுத்தளம் வளர்வதைப் படம்பிடித்தார்கள்.

இடம் கணிக்கும்போது, கிரானைட்டில் அலை நொடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடுகிறது. 1 மைக்ரோநொடி பிசகினால் 5 மி.மீ. தள்ளிப்போகும். வாசலைத் தாண்டிய நேரத்தை அப்படியே எடுக்காமல், அலைவடிவத்தில் முதல் அசைவைத் தேடுங்கள். விரிசல்கள் சுமைத் திசைக்கு இணையாகத் திறப்பதால் குறுக்கு வேகம் குறைந்துகொண்டே போகும். சென்சார்களையே மாறிமாறி அலை அனுப்பவிட்டு அவ்வப்போது வேகத்தை அளந்துகொள்ளுங்கள். உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து, பிளவின் மேல் கணித்த விரிசல் புள்ளிகள் விழுகின்றனவா என்று பாருங்கள். ஒரே பக்கமாக விலகியிருந்தால் தவறு வேகத்தில்தான்.